அந்துவானின் மிஸ்டு கால்

செய்தி வந்தபோது நான் நம் இதழின் ஆசிரியர் கலியமூர்த்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "இனிமே எனக்கு விமர்சனத்துக்குப் புத்தகம் அனுப்பாதீங்க சார். உறையைப் பிரிக்கும்போதே கொட்டாவி வருது" என்று சொல்லி முடிப்பதற்குள் மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தார், கேட்டார், வைத்தார். "அந்துவான் இறந்துட்டாராம்மா. காலையில, ஆஸ்பத்திரியில" என்றார். அதன்பிறகு எங்கள் சண்டை என்ன ஆனதென்று இருவருக்குமே நினைவில்லை.

இதை எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், வாசல்வரை போய்விட்டு வருகிறேன். நம் நூல் விமர்சனப் பக்கத்தை வாசித்து வந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான் என்று பல வருடம் ஓட்டினோம். பகலில் அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் பம்பு உதிரிப்பாகங்களைச் சோதித்துப் பிரிக்கும் வேலை பார்த்தார். மாலையில் கைகழுவிவிட்டு நேரே இதழ் அலுவலகத்துக்கு வந்து, "முசே, யாருமே கேக்காத புத்தகம் எது கீது?" என்பார். கலியமூர்த்தியை அவர் மட்டும்தான் பிரெஞ்சு வழக்கப்படி, சார் என்பதற்குப் பதிலாக, முசே என்று கூப்பிடுவார். ஆட்டு வளர்ப்பு, ஜாதகம், வாழைத்தண்டு வைத்தியம் என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த வாரம் அந்த ஆடுகள் நம் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருக்கும்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை நிறத் துணி கிளிப் இருக்கும். நம் புத்தகங்களின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, நன்றியுரை எல்லாம் தாண்டி நூலுக்குள் நுழைவதற்குள் பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள். புத்தகம் கைக்கு வந்ததும் அந்துவான் அத்தனை உரைகளையும் சேர்த்துப் பிடித்துக் கிளிப்பை மாட்டிவிடுவார். எழுதி முடித்த பிறகுதான் கழற்றுவார். "பொண்ணைப் பாக்கப் போனா பொண்ணைப் பாக்கணும் மேடம். தரகன் மூஞ்சியையா பாக்கறது?" என்பார். ஒரு வெளியீட்டு விழா மேடையிலேயே, நூலாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பையிலிருந்து கிளிப்பை எடுத்து மாட்டினார். அணிந்துரை எழுதிய பேராசிரியர் அன்று சாப்பிடாமலே போய்விட்டார்.

புத்தகம் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டால் எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். செல்போனில் காசு போடுவது அவருக்குப் பிடிக்காத காரியம். நான்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். நான் வேலை பார்க்கும் வங்கியில் வரிசையில் ஆட்கள் நிற்பார்கள், நான் கவுன்ட்டருக்கு அடியில் குனிந்து கூப்பிடுவேன். எடுத்ததும், "நாப்பதாம் பக்கம் மேடம்!" என்று ஆரம்பித்துவிடுவார். எந்தப் புத்தகம், யார் எழுதியது என்பதெல்லாம் நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட வாரங்களில் என் புத்தகத்தையும் நான் கொஞ்சம் ஒழுங்காகப் படித்தேன்.

ஊரே அவரைப் பார்த்துச் சிரித்த ஒரு சமயம் உண்டு. உப்பளக் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவல் அது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை முற்றி நிற்கும் இடத்தில் கதை திடீரென்று தென்னங்குருத்தைத் துளைக்கும் வண்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. பல பக்கங்களுக்கு வண்டுதான். அந்துவான் உருகிவிட்டார். குடும்பம் உள்ளிருந்து அரிக்கப்படுவதை இவ்வளவு துணிச்சலாக யாரும் எழுதியதில்லை என்று முக்கால் பக்கம் பாராட்டினார். இதழ் வந்த மறுநாள் நாவலாசிரியர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். பைண்டிங் செய்த இடத்தில், தென்னை வளர்ப்புக் கையேடு ஒன்றின் தாள்களை நாவலுக்கு நடுவே வைத்துத் தைத்துவிட்டார்கள்! ஒரு பிரதியில் மட்டுமல்ல, வந்த பிரதிகள் எல்லாவற்றிலும். வெளியீட்டு விழாவில் அந்த நாவலை வரிவரியாகப் படித்ததாகப் பேசிய மூன்று பேரும், எழுதிய மற்ற இரண்டு பத்திரிகைகளும் வண்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

கலியமூர்த்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும்தான். அந்துவான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு ஜன்னலோரம் நின்று, "படிச்சவன்தான் மேடம் ஏமாறுவான். படிக்காதவனை எந்தப் புத்தகத்தாலயும் ஏமாத்த முடியாது" என்றார். நாவலாசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மிஸ்டு கால் நின்றுபோனது. ஒருநாள் மாலை கடற்கரைச் சாலையில் அவரைப் பிடித்தேன். அவரோடு பேசுவதென்றால் கூடவே நடக்க வேண்டும். அன்று நடையில்கூட ஒரு பதற்றம். "ஏற மாட்டேங்குது மேடம். எதை எடுத்தாலும் பத்துப் பக்கம் தாண்டல. வூட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி நடக்கறேன். தெரேஸு திட்டறா. இது போயிடுச்சுன்னா எனக்கு இன்னா மிச்சம்?" என்றார். தெரேஸ் அவர் மனைவி. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எனக்கு எப்பவோ போயிடுச்சு சார். நான் எழுதிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். அவர் நின்றுவிட்டார். "உங்களால முடியுது. என்னால பொய்யா பாராட்டவும் முடியாது, பொய்யா திட்டவும் முடியாது" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து, என் மேசையில் இருந்த புத்தகங்களைத் தூக்கி அலமாரிமேல் போட்டேன். பக்கத்தை விட்டுவிடுவதென்று அன்றுதான் முடிவு செய்தேன். அதைக் கலியமூர்த்தியிடம் போய்ச் சொல்வதற்குள் அந்துவானுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு அந்தப் படிக்கும் ஆசை திரும்பி வந்ததா, வராமலே போய்விட்டாரா? கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டபோது எனக்கு இது ஒன்றுதான் கேள்வி. வேறெதுவும் மனதில் நிற்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் தெரேஸ் அக்கா என்னை ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிட்டார். அந்துவானின் செல்போன் மட்டும்தான் அக்கா கைக்கு வந்திருந்தது, பை பக்கத்துக் கட்டில்காரரிடம் தங்கிவிட்டதாம். பிள்ளைச்சாவடி மீனவர், ஏகாம்பரம் என்று பெயர், மூச்சிரைப்புக்காகச் சேர்ந்திருந்தார். பையைத் தலைமாட்டில் வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்க வுடலம்மா அந்த மனுஷன்" என்றார். "கடைசி ரெண்டு நாளும் இந்தப் புத்தகந்தான். படிக்கறாரு, டக்குனு எழுந்து உக்காந்துக்கறாரு, 'இந்தப் பொம்பள இன்னா பண்ணா தெரியுமா'ங்கறாரு. நர்ஸம்மா வந்து திட்டிட்டுப் போனாங்க. செல்லை எடுத்து எடுத்துப் பாத்தாரு, சார்ஜு இல்ல. யாரோ ஒரு மேடத்துக்கு மிஸ்டு கால் குடுத்தே ஆகணும்னு ஒரே பிடிவாதம்."

தெரேஸ் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பையைக் கொடுக்காமல் ஏகாம்பரம் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "புருசன்கிட்ட சண்டை போட்டுட்டுப் பஸ் ஏறிப் போச்சே அந்தப் பொண்ணு, அது திரும்பி வந்துச்சா இல்லியா? வந்துடும்னாரு அவரு. வராதுன்னு நானு. முன்னாடியே கடைசிப் பக்கத்தைப் பாத்துச் சொல்லுங்கன்னா, அது தப்புன்னுட்டாரு."

"இன்னும் படிக்கலைங்க" என்றேன்.

"அப்போ படிச்சுட்டு வந்து சொல்லும்மா. நாளான்னிக்கு என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

பைக்குள் பல் விளக்கும் பிரஷ், ஜெபமாலை, தடிமனான அந்த நாவல். முன்னுரைகளை இறுக்கிப் பிடித்தபடி பச்சைக் கிளிப். தெரேஸ் அக்கா புத்தகத்தை அப்படியே என் கையில் கொடுத்தார். வங்கிக்கு லீவு சொன்னேன். உட்கார்ந்து படித்தேன், நின்று படித்தேன், அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுப் படித்தேன். கிளிப்பைக் கழற்றவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு, ஒரு பக்கத்தைத் திருப்புவதற்கு என் கை அவசரப்பட்டது.

அந்தப் பெண் திரும்பி வந்தாளா என்பதை ஏகாம்பரத்திடம் மட்டும் சொன்னேன். முடிவை விமர்சகர் வெளியே சொல்லக் கூடாது என்பதில் அந்துவான் கறாரானவர். ஆகவே இங்கே எழுதவில்லை. அடுத்த வாரம் அவருடைய முறை. இந்த நாவலைப் பற்றி அதில் நான் எழுதுகிறேன். அவருடையதென்று என்னிடம் இருப்பவை அந்தக் கிளிப்பும் ஒரு பழக்கமும்தான்.

அந்தப் பழக்கத்தில், அன்று நாவலைப் படித்து முடித்த கையோடு செல்போனை எடுத்து அவர் எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடித்த பிறகுதான் உறைத்தது. வைப்பதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"இன்னா சரசு," என்றார் தெரேஸ் அக்கா. "புத்தகம் பிடிச்சுக்கிச்சா?"