கிளட்ச் இல்லாமல் பழவேற்காடு வரை

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் உண்டு, மீன் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. நான் போனது ஒரு கருகமணியைக் கொண்டுபோய்ச் சேர்க்க. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நல்ல முகூர்த்த நாள்.

திருவள்ளூரில் எங்கள் பக்கத்து வீட்டு ரஹ்மத்துக்குப் பிறந்த ஊர் பழவேற்காடு. அன்று அவள் தம்பிக்கு நிக்காஹ், பகல் பதினொன்றரைக்கு. அது முடிந்ததும் மணப்பெண் கழுத்தில் மாப்பிள்ளையின் அக்காதான் கருகமணி கட்ட வேண்டும். அவர்கள் குடும்பத்து வழக்கம் அது. ரஹ்மத்துக்கோ அது வழக்கம் மட்டும் இல்லை. தாய் இல்லாத வீட்டில் அந்தத் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான்.

ஆனால் கருகமணி கோக்கக் கொடுத்த பத்தர் இருக்கிறாரே, "நாளைக்கு வாம்மா" என்று சொல்லியே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் முந்தின நாளே கிளம்பிவிட, இவள் மட்டும் தங்கி, ஞாயிறு காலை எட்டரைக்குத்தான் அதை வாங்கினாள். "புதுக் கொக்கிம்மா, கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்றாராம். பேருந்தை நம்பினால் கதை கந்தல். "வா, நான் வண்டி எடுக்கிறேன்" என்றேன். எனக்கு பிரியாணி ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் கார் சின்னது, வயதானது. பெரியபாளையம், ஆரணி, புதுவாயல், அங்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பி தச்சூர், பிறகு பொன்னேரி, பழவேற்காடு. ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர், நிதானமாகப் போனால் இரண்டு மணி நேரம். பெரியபாளையம் வரை வழியெல்லாம் நெல் வயல், காற்றே பச்சையாக மணத்தது. பத்து மணிக்கு முன்பே புதுவாயல் வந்து, கம்பெனி ஆட்கள் நிற்கும் கடையில் ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். நன்றாக இருந்தது, நம்பிக் குடிக்கலாம்.

திரும்பி வந்து கிளட்சை மிதித்தேன். டப்பென்று ஒரு சத்தம். மிதி தரையோடு படுத்துக்கொண்டது, எழவே இல்லை.

எதிரே ஒரு மெக்கானிக் கடை பாதி திறந்திருந்தது. அவர் குனிந்து பார்த்து, "கேபிள் அறுந்துபோச்சும்மா. இந்த வண்டிக்கு இங்க ஸ்டாக் இல்ல. கும்மிடிப்பூண்டி போய் வாங்கிக்கினு வந்து மாட்றதுக்குள்ள மத்தியானம் ஆய்டும்" என்றார்.

"ஆட்டோ?"

"முகூர்த்த நாளும்மா. ஸ்டாண்டுல ஒரு வண்டி இருக்குதா பாரு."

இல்லை. ரஹ்மத் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இன்னாக்கா இப்படி ஆய்ட்ச்சு? நேரமாச்சுன்னு வேற மணிய வாங்கி வேற யாராச்சும் கட்டிடுவாங்களேக்கா" என்றாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் கணவருக்கு வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாலைகள் அகலமாக, ஆளில்லாமல் கிடக்கும். அங்கே கிளட்சைத் தொடாமல் கியர் மாற்றிப் பழகுவது எனக்கு ஒரு கிறுக்கு. "கியர்பாக்ஸ ஒடச்சிட்டுத்தான் அடங்குவியா?" என்று திட்டுவார். அவருக்கு போன் போட்டேன். விஷயம் கேட்டதும், "சுமதி, அந்த வேலைய மட்டும் செய்யாத" என்றார். "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டுச் செய்தேன்.

எஞ்சின் ஓடாதபோதே முதல் கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை உந்தித் தள்ளும், எஞ்சினும் பிடித்துக்கொள்ளும். வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது. ரஹ்மத், "யா அல்லா!" என்றாள். அடுத்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, கியரை நியூட்ரலுக்கு இழுத்து, எஞ்சின் வேகம் இறங்கும்வரை காத்திருந்து, இரண்டாவதை மெல்ல அழுத்த வேண்டும். அவசரப்பட்டேன். கர்ர்ர் என்று ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

மறுபடி நியூட்ரலுக்கு இழுத்தேன். பயத்தில் அவள் கண்ணை மூடி, "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்றாள். அவள் 'ரஹீம்' என்று முடிக்கவும் கியர் சத்தமே இல்லாமல் போய் உட்காரவும் சரியாக இருந்தது.

"ரஹ்மத், அதையே திரும்பச் சொல்லு."

"இன்னாத்துக்குக்கா?"

"சொல்லேன்!"

மூன்றாவது கியருக்கும் அதே கதை. எங்கள் கிழட்டு எஞ்சின் வேகம் இறங்க எடுக்கும் நேரமும் அவள் நிதானமாக ஒரு பிஸ்மில்லா சொல்லும் நேரமும் ஒன்றாக இருந்தன. அதன்பிறகு நான் நியூட்ரலுக்கு இழுப்பேன், அவள் சொல்வாள், முடிக்கும்போது நான் அழுத்துவேன், கியர் விழும். "விழுந்துச்சுக்கா!" என்பாள் ஒவ்வொரு முறையும். தச்சூர் வருவதற்குள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பொன்னேரிக் கடைத்தெருவில் ஒரு லாரி குறுக்கே பின்வாங்கியதில் நின்றே தீர வேண்டியதாயிற்று. மறுபடி சாவி, மறுபடி குதி. இந்த முறை ஸ்டார்ட்டர் முக்கி முனகித்தான் இழுத்தது. இன்னொரு தடவை நின்றால் அவ்வளவுதான் என்று புரிந்தது. பொன்னேரி தாண்டிய பதினெட்டு, பத்தொன்பது கிலோமீட்டரும் வேகத்தடை கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நிற்காமல் உருட்டியே ஏற்றினேன்.

பழவேற்காட்டில் தெருமுனையிலேயே பெண்கள் பன்னீர்ச் செம்போடு காத்திருந்தார்கள். கருகமணி கொண்டுவருகிற அக்காவை அங்கே நிறுத்திப் பன்னீர் தெளித்து அழைத்துப்போவது முறையாம். வண்டிக்கு முன்னால் வந்து கையை நீட்டினார்கள். நான் ஜன்னலில் தலையை விட்டு, "நிறுத்தினா மறுபடி கிளம்பாதும்மா! நடந்துகினே தெளிங்க!" என்று கத்தினேன். முதல் கியரில் வண்டி நடை போட, பெண்கள் கூடவே நடந்து, சிரிப்பும் பன்னீருமாக எங்களை நனைத்தார்கள். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தபோது மணி பதினொன்று இருபது.

உள்ளே போகும் முன், இதைப் படித்துவிட்டு முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு: விளையாட்டுக்குச் செய்யாதீர்கள், என்னைப் பார்த்துக் கெடாதீர்கள். கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர் இரண்டுக்கும் இது வதை. சாவியைத் திருப்பும்போது வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் புது வண்டிகளில் இது நடக்காது. எச்சரிக்கை விளக்கைப் போட்டு இடது ஓரமாகப் போங்கள், பிரேக் எப்போதும்போலப் பிடிக்கும். பழைய வண்டி என்றால் ஒரு கேபிள் வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். நான் இப்போது இரண்டு வைத்திருக்கிறேன்.

நிக்காஹ் முடிந்தது. பெண்கள் பக்கம் ரஹ்மத் கருகமணியை எடுத்து மணப்பெண் கழுத்தில் சுற்றினாள். அவசர அவசரமாக மாட்டப் பார்த்தாள். பத்தரின் புதுக் கொக்கி வளையத்துக்குள் போக மறுத்தது. ஒரு முறை, இன்னொரு முறை. "நான் போடட்டாம்மா?" என்று ஒரு பெரியம்மா கையை நீட்டினார். ரஹ்மத்தின் முகம் புதுவாயலில் பார்த்த அதே முகமானது.

நான் பின்னாலிருந்து சொன்னேன்: "அவசரப்படாத ரஹ்மத். சொல்லிக்கினே போடு."

திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். 'ரஹீம்' என்று முடிக்கும்போது விரலை அழுத்தினாள்.

"விழுந்துச்சுக்கா" என்றாள்.