கருப்பட்டிக் காப்பியும் வெறும் வயிறும்

விதி தெளிவானது: சிறுநீரில் சர்க்கரை பார்க்க வருபவர், முதல் நாள் இரவு உணவுக்குப் பின் தண்ணீரைத் தவிர எதுவும் உட்கொள்ளக் கூடாது. பினாங்கில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தபோது அந்தச் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் இங்கேயே இருக்கிறேன். சர்க்கரை பார்க்கப் போனால், இங்குள்ள சீனத் தாதி என் பெயரைக் கேட்குமுன் "கோப்பி?" என்று கேட்கிறாள். முதல் தடவை, உபசரிக்கிறாள் என்று எண்ணித் தலையாட்டினேன்; குடித்துவிட்டு வந்ததாக எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டாள். இவர்களுக்குக் காப்பி ஓர் ஆகாரம்.

தென்காசியில் அப்படியல்ல. ஒருமுறை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். உடற்தகுதிச் சான்று இல்லாமல் வேலைக்குத் திரும்ப முடியாது. சான்று தரும் டாக்டர் கேட்டார்: "அண்ணாச்சி, வெறும் வயிறுதான?"

"வெறும் வயிறுதான்."

குழாயில் நீல மருந்தோடு சிறுநீரைக் காய்ச்சினார். நீலம் ஆரஞ்சாயிற்று; சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம். தகுதியில்லை என்று எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். இருபது வருஷ உத்தியோகம் ஒரு குழாயில் முடிந்தது.

வீட்டில் சுற்றறிக்கையை மனைவி கோமதிக்குப் படித்துக் காட்டும்போதுதான் எனக்கே உறைத்தது. காலையில் இரண்டு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடித்திருந்தேன்.

"காப்பி குடிச்சா வெறும் வயிறு இல்லாமப் போயிருமா?" என்றாள். "கார்த்திகை விரதத்துக்கே குடிக்கோம்லா! இது என்ன, துரைமாரு விரதமா?"

திரும்பப் போய் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். "கருப்பட்டி கிடக்கட்டும் அண்ணாச்சி. காப்பியில இருக்க காஃபீனே நெஞ்சைப் படபடக்க வச்சு, ஈரல்ல இருக்க சர்க்கரைய ரத்தத்துல இறக்கி விட்டுரும். சிலபேரு உடம்புக்கு அது ஆகாது."

சோதித்தோம். மறுநாள் இனிப்பில்லாத கடுங்காப்பி: நீலம் லேசாகப் பச்சையானது. அதற்கடுத்த நாள் தண்ணீர் மட்டும். காப்பியில்லாமல் மண்டை பிளந்தது. குற்றாலத்துக்குப் போய் அருவியடியில் நின்றேன்; இடிப்பது வலியா, அருவியா என்று தெரியவில்லை. ஈரத்தலையோடு வந்து மாதிரி கொடுத்தேன். நீலம் நீலமாகவே நின்றது.

மூன்று முடிவுகளையும் இணைத்து, விதியைச் சுட்டி, மேல்முறையீடு எழுதினேன். விதியை மீறியவன், அதற்குச் சாட்சி, மனுதாரர் மூவரும் நானே. இவ்வளவு வலுவான மனுவை என் உத்தியோகத்தில் நான் கண்டதில்லை. கப்பல் தபால் போய் வரும்வரை கோமதி என் பெட்டியைக் கட்டவுமில்லை, அவிழ்க்கவுமில்லை.

இன்றும் என் ஒரே வயிற்றுக்கு இரண்டு ஊர்ச் சட்டம். தாதியிடம் போகும் நாளில் காப்பி சோறு. விரத நாளில் அது தண்ணீர்.

அன்று அந்த மேல்முறையீட்டுக்குத் தென்காசிக்கே பதில் வந்தது: தகுதி உண்டு, உடனே பணிக்குத் திரும்புக. உறையைப் பிரித்த கையில் கோமதி டம்ளரைத் திணித்தாள். கருப்பட்டி போடவில்லை. விரதம் முறியாமல் குடித்தேன். அன்று ஆடிக் கார்த்திகை.