ட்ரிக்கர் ஸ்பிரிங்கை மாற்றியவரின் வழக்கு

1. தடயவியல் அறிக்கை

முப்பது வருஷமாகப் புதுச்சேரியில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். நிச்சயம் ஜெயிக்கும் என்று நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு கட்சிக்காரரிடம்தான். அந்த வழக்கிலேயே மாட்டிக்கொண்டேன்.

அவர் பெயர் கலியபெருமாள். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அரியாங்குப்பம் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் மனைவி அஞ்சலையோடு இருந்தார். லைசென்ஸ் உள்ள ரிவால்வர் ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும்.

வேலித் தகராறு முற்றி, ஒரு காலையில் பக்கத்துத் தோட்டக்காரன் கொடுவாளோடு உள்ளே நுழைந்தான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அஞ்சலையின் தோளில் ஒரு வெட்டு விழுந்தது. இரண்டாவது வெட்டுக்கு அவன் கையை ஓங்கியபோது கலியபெருமாள் சுட்டார். குண்டு தொடையில் பாய்ந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். வெட்டியதற்கு அவன்மேல் ஒரு வழக்கு. சுட்டதற்கு இவர்மேல் கொலை முயற்சி வழக்கு.

மனைவியின் உயிரைக் காக்கச் சுட்டது தற்காப்பு உரிமைக்குள் வரும். "கவலப்படாதீங்க, நிச்சயம் ஜெயிக்கும்" என்று சொல்லியிருந்தேன். பிறகு குற்றப்பத்திரிகை நகலோடு தடயவியல் அறிக்கை வந்தது. ரிவால்வரில் இருப்பது கம்பெனி ஸ்பிரிங் அல்ல. ட்ரிக்கரை இழுக்கத் தேவையான விசை பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடியும் மாற்றப்பட்டிருக்கிறது.

கோர்ட் வராந்தாவில் அரசு வழக்கறிஞர் என்னை நிறுத்தினார். "மேடம், சட்டுனு சுடறதுக்குத் தோதா ரெடி பண்ணி வச்சிக்கினு காத்துனு இருந்திருக்காரு உங்க ஆளு. இதுல தற்காப்பு எங்க இருக்குது?"

ஜட்ஜ் இதை நம்பிவிடுவார் என்று எனக்கே தோன்றியது.

2. "பாத்துதான் சுட்டேன்"

கலியபெருமாள் ஜாமீனில் இருந்தார். அன்று சாயங்காலமே தோட்டத்துக்குப் போனேன்.

"ஸ்பிரிங்க மாத்தினத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கம்பெனி ஸ்பிரிங் ரொம்பக் கெட்டிம்மா. தெரிஞ்ச லேத்துப் பட்டறையில குடுத்து லேசாக்கினேன். அவ்ளோதான்."

சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அஞ்சலைதான் கேட்டாள்.

"வக்கீலம்மா, ஸ்பிரிங் லேசா இருந்துச்சு, கை பட்டதும் தானா வெடிச்சிடுச்சுன்னு சொல்லிட்டா என்னா?"

"அப்படிச் சொன்னா தற்காப்புன்னு பேசவே முடியாதும்மா. கவனக்குறைவா கையாண்டாருன்னு ஆயிடும். வேணும்னேதான் சுட்டாரு, ஆனா உன்னக் காப்பாத்த வேற வழியில்லாம சுட்டாரு. இது ரெண்டும் சேர்ந்தாதான் நம்ம கேஸு நிக்கும்."

"நான் பாத்துதாம்மா சுட்டேன்" என்றார் கலியபெருமாள். "தொடையப் பாத்து சுட்டேன். பொய் சொல்ல மாட்டேன்."

அஞ்சலை டீ கொண்டுவந்தாள். எனக்கு டம்ளர், அவருக்குப் பெரிய கப். அதை அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கினார். விரல்கள் பாதிக்குமேல் மடங்கவில்லை. அவள் மாத்திரை அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை அவர் நாக்கில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தள்ளி உட்கார்ந்தாள்.

"கையில என்ன?" என்று கேட்டேன்.

"சிக்குன்குனியா வந்துச்சு. காய்ச்சல் போயிடுச்சு, விரலு திரும்பல."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கெட்டியான ட்ரிக்கரை இழுக்க இந்த விரல்களால் முடியாது, அதனால்தான் ஸ்பிரிங்கை லேசாக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். அவர் முகம் இறுகியது.

"அத கோர்ட்ல சொல்லாதீங்கம்மா. சட்டப் பொத்தான் போடக்கூட அவனால முடியலன்னு ஊரு பேசும். அதுக்கு ஜெயிலுக்கே போயிடறேன்."

நான் புறப்படும்போது அஞ்சலை கார்வரை வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். உள்ளே அத்தனை சீட்டுகளும் தேதிவாரியாக இருந்தன.

"அவரு சம்மதம் இல்லாம நான் தாக்கல் பண்ணக்கூடாதும்மா."

"சம்மதிப்பாரு. ரெண்டு நாளு குடுங்க."

மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். "அவ ரெண்டு நாளா சோறு துன்னலம்மா. எதச் சொல்லணுமோ சொல்லிக்குங்க."

3. சாட்சிக் கூண்டு

லேத்துப் பட்டறைக்காரர் சாட்சி சொல்ல வந்தார். ஆயுத ரிப்பேருக்கான லைசென்ஸ் அவரிடம் இல்லை. அவர்மேலேயே வழக்கு பாயலாம் என்று நான் எச்சரித்த பிறகும் வந்தார். ஸ்பிரிங்கை மாற்றிய தேதியைச் சொன்னார். விரல் சரியாக மடங்காத கைக்குப் பிடிமானம் வேண்டும் என்பதால்தான் கைப்பிடியை ரப்பர் வைத்துத் தடிமனாக்கினேன் என்றார். அந்தத் தேதி காய்ச்சலுக்கு அடுத்த மாதம். வேலித் தகராறு தொடங்கியதோ அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

பிறகு அஞ்சலை கூண்டில் ஏறினாள். அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்தார்.

"விரலே வராத மனுஷனுக்குத் துப்பாக்கி எதுக்கும்மா?"

"நானும் அதத்தான் சார் கேட்டேன். கொண்டுபோய்க் குடுத்துடுங்கன்னு எவ்ளோ சண்ட போட்டேன். நீ நாள் பூரா தோட்டத்துல தனியா நிக்கிற, ஒண்ணுன்னா நான் கைய வச்சிக்கினு இன்னா பண்ணுவேன்னு அழுதாரு. முப்பது வருஷத்துல அவரு அழுது நான் பாத்தது அன்னிக்கிதான்."

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். அரசு வழக்கறிஞர் கையிலிருந்த காகிதத்தை மடித்தார். "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார்.

கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை கிடைத்தது. ஆயுதத்தில் செய்த மாற்றம் மட்டுமே கொல்லும் எண்ணத்தைக் காட்டிவிடாது, எப்போது, எதற்காகச் செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பில் இருந்தது. லைசென்ஸ் இல்லாத இடத்தில் மாற்றியதற்கு அபராதம் விழுந்தது. துப்பாக்கி லைசென்ஸ் ரத்தானது. பட்டறைக்காரருக்கும் அபராதம், அதைக் கலியபெருமாளே கட்டினார்.

இளம் வக்கீல்களுக்கு ஒன்று சொல்வேன். லைசென்ஸ் ஆயுதத்தில் ஒரு திருகை மாற்றுவதானாலும் லைசென்ஸ் உள்ள கடையில், ரசீதோடு, காரணத்தை எழுதி வைத்து மாற்றச் சொல்லுங்கள். காகிதம் இல்லாவிட்டால் அந்தக் காரணத்தை எதிர்த்தரப்பு எழுதிவிடும். கட்சிக்காரர் எதை மறைக்கிறார் என்பதையும் தேடுங்கள். மறைப்பது எப்போதும் குற்றமாகவே இருக்காது. சில நேரம் அது வெட்கம். அது தெரியாமலே அன்று ஜெயிக்கும் என்று சொல்லியிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அஞ்சலை போன் செய்தாள். "வக்கீலம்மா, தோட்டத்துக்கு நாயி ஒண்ணு வாங்கியிருக்கோம். இதுக்கும் லைசென்ஸ் வாங்கணுமான்னு அவரு கேக்கறாரு."

"கொம்யூன் பஞ்சாயத்துல வாங்கணும்" என்றேன். "வாங்கிட்டு, நாய அப்படியே வச்சிக்கச் சொல்லு. அதுல எதையும் மாத்த வேணாம்."

அவள் அதை அவரிடம் சொல்வது கேட்டது. அவர் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.