முடிவு மட்டும் பார்த்தவர்

கொலைகாரன் டாக்டர்தான் என்பதை ஒயர்மேன் ஏணி உச்சியில் நின்றபடி தெரிந்துகொண்டார். ஒன்பது வருடம் ஆகிறது, வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த படம். தியேட்டர் வராந்தாவில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தவரை யாரும் கேட்காமலே தேடி வந்து, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் அந்த டாக்டர் பண்ண வேலை தம்பி. மூஞ்சியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றார் கிளைமாக்ஸ். ஒரு கையில் பல்பு, மறு கையில் ஏணி. காதைப் பொத்திக்கொள்ள மூன்றாவது கை ஒயர்மேனுக்கு இல்லை.

கிளைமாக்ஸ் என்பது தியேட்டர் ஆட்கள் வைத்த பெயர். வெளியே போகும் கதவுக்குப் பொறுப்பு அவர். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்து, தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, கதவுத் திரைச்சீலை ஓரம் சுவரோடு சுவராக நிற்பார். பத்தொன்பது வருட உத்தியோகம். காலைக் காட்சி பழைய படம், மதியத்துக்கு மேல் புதுப்படம் என்று ஒரு நாளைக்கு நாலு முடிவு பார்க்கிறார். ஆரம்பம் என்று ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. லீவு நாளில் வந்து முழுசாகப் பார்க்கக் கூடாதா என்று கேட்டால், "லீவு நாள்ல எவனாவது வேலைக்கு வருவானா?" என்பார்.

அதற்காக அபிப்பிராயத்துக்குக் குறைச்சல் கிடையாது. பழைய படத்தைப் பற்றி: "வில்லன் கையக் கூப்புனா அஞ்சு நிமிஷத்துல மன்னிச்சி, எல்லாரும் வரிசையா நின்னு சிரிக்கிறாங்க. எங்க சித்தப்பா வீட்ல கல்யாணத்துக்குச் சொல்லலன்னு பதினாலு வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. ஆனா ஒண்ணு, படம் முடிஞ்சிதுன்னா முடிஞ்சிதுதான். கதவத் தொறக்கலாம்." புதுப்படத்தைப் பற்றி: "மழையில நடந்து போறான், போறான், போயிட்டே இருக்கான். மீதிய நீங்க வீட்ல போய் யோசிங்கன்னு விட்டுடறான். அதுக்கு மேல ரெண்டாம் பாகம் வேற. சமையல்ல பாதி இன்னிக்கு, மீதி அடுத்த வருஷம்னு போட்டா எவன் சாப்புடுவான்?" எல்லாப் புதுப்படத்தையும் திட்டுவார் என்று நினைக்க வேண்டாம். "பழைய படத்துல அழுவறவங்க வாயால அழுவாங்க. இப்பத்தப் பொண்ணுங்க சும்மா நிக்குது, நமக்குத் தொண்ட அடைக்குது. அத ஒத்துக்கணும்ல."

அவருடைய அளவுகோல் குடை. படம் மொக்கை என்றால் ஜனங்கள் குடை, பை, வண்டிச் சாவி எல்லாவற்றையும் கையில் தயாராக வைத்துக்கொண்டு, முடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள். நல்ல படம் என்றால் மறந்துவிட்டுப் போவார்கள். மழைக்காலத்தில் வந்த ஒரு பழைய குடும்பப் படம் ஒரே காட்சியில் ஆறு குடை எடுத்தது. அதை இன்னும் எந்தப் படமும் தாண்டவில்லை என்பது அவர் கணக்கு. தவிரவும் புருஷன் பெண்டாட்டி வண்டி நிற்குமிடம் வரை பேசாமல் போனால் உயர்ந்த படம், வாசலிலேயே சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் போச்சு.

ஒயர்மேனின் பாடு வேறு. ஏ.சி. நின்றாலும் ஸ்பீக்கர் கரகரத்தாலும் இடைவேளைக்கு முன்னும் பின்னும்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அதனால் அவருக்குத் தெரிந்தது எல்லாப் படத்தின் நடுப்பகுதி. இரண்டு பேரும் டீ குடிக்க உட்கார்ந்தால் சண்டைக்குக் கேட்பானேன்.

ஒரு காலைக் காட்சிப் படத்தை வருஷக்கணக்காகக் கிளைமாக்ஸ் உச்சத்தில் வைத்திருந்தார். "தங்கச்சிக்காக உசுர விட்டானே, இப்ப எவன் எடுக்கிறான் அந்த மாதிரி?"

"யோவ், அது தங்கச்சி இல்லய்யா. பொண்டாட்டி" என்றார் ஒயர்மேன். கோபம் வந்தால் 'யோவ்', இல்லாவிட்டால் 'அண்ணே'.

"பொண்டாட்டியா? கடைசி வரைக்கும் ஒரு சண்டகூடப் போடலயே."

"நடுவுல வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், தட்டு பறந்துச்சி."

கிளைமாக்ஸ் டீயை உறிஞ்சினார். "அப்படின்னா படம் இன்னும் ஒசத்தி" என்றார். தோற்று எழுந்து போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மகளைப் பற்றி மட்டும் அவர் அபிப்பிராயம் கொஞ்சம் பிசகிவிட்டது. ஒரே மகள். தையல் படித்துவிட்டு, சினிமாவில் உடை தைக்கிற கூட்டத்தோடு வேறு ஊருக்குக் கிளம்பியபோது, "சட்டைய எவன் பாக்கிறான்? நானும்தான் இத்தன வருஷமா பாக்கிறேன், எந்தச் சட்டையாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று வருடமாகப் போனில் "சாப்பிட்டியா", "ம்", "உடம்பு?", "ம்" அவ்வளவுதான். போன வாரம் அவளே கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை வர்ற படத்துல என் பேரு வருதுப்பா. கடைசியில, தையல் பிரிவுல, ஏழாவது பேரு." போனை வைக்கும் முன், "லைட்டப் போட்டுடாதீங்க" என்றாள்.

அந்த வார்த்தைதான் மனிதரைப் போட்டு அறுத்தது. திரையில் பேர்கள் ஏற ஆரம்பித்ததும் விளக்கைப் போட வேண்டும் என்பது தியேட்டர் சட்டம். வெளிச்சம் வந்தால் ஜனம் எழும், எழுந்தால் கூட்டலாம், அடுத்த காட்சிக்குப் பன்னிரண்டு நிமிடம்தான். பத்தொன்பது வருடமாக அந்தச் சுவிட்சைப் போட்ட கை அவருடையது. இப்போதோ அவர் நினைத்தாலும் போடாமல் இருக்க முடியாது. மூன்று மாதமாக விளக்கைக் கம்ப்யூட்டரே போடுகிறது. வெளிச்சம் வந்த நிமிடம் திரை வெளுத்து, எழுத்து கரைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை ஒயர்மேனின் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, மதியக் காட்சி முடியும்போது ஹால் லைட்டு ஃபியூஸப் புடுங்கிடு. நாலு நிமிஷம் போதும்."

"வெளையாடறீங்களா? போன மாசம் ஒரு டியூப் எரியலன்னு மேனேஜர் எனக்கு மெமோ குடுத்தாரு. இன்னொண்ணு வந்தா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாரு."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் கேக்கிறீங்களா?"

அப்போதுதான் மகள் போனில் சொன்னதைச் சொன்னார். பேர் ஏழாவது என்பதை இரண்டு தடவை சொன்னார். ஒயர்மேன் டெஸ்டரைத் துணியில் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு, "ஒரு கண்டிஷன்" என்றார். "இனிமே எந்தப் படத்தோட முடிவையும் எங்கிட்ட சொல்லக் கூடாது."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"அதயும் பாக்கறேன்."

ஃபியூஸ் பெட்டி வெளியே போகும் கதவுக்குப் பக்கத்திலேயே, திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தது. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பேரும் உள்ளே போனார்கள். திரையில் ஒரு பெண் ரயிலடியில் நின்றுகொண்டிருந்தாள். வண்டி கிளம்பியது. அவள் ஏறினாளா இல்லையா என்று காட்டவே இல்லை. ஒயர்மேன் திரும்பிப் பார்த்தார். கிளைமாக்ஸ் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். பேர்கள் ஏற ஆரம்பித்தன. ஒயர்மேன் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

விளக்கு வரவில்லை. படிக்கட்டு ஓரத்துச் சின்ன விளக்குகள் மட்டும் எரிந்தன. எழுந்த ஒன்றிரண்டு பேர், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது போல என்று மறுபடி உட்கார்ந்தார்கள். ஒயர்மேனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, மேனேஜர். எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அதிர்ந்தது.

தையல் பிரிவு வந்தது. கிளைமாக்ஸ் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். ஒன்று, இரண்டு என்று உதடு எண்ணியது. ஏழாவது பேர் கீழிருந்து முளைத்து, நடுவுக்கு வந்து, இரண்டு மூச்சு விடும் நேரத்தில் மேலே ஏறி மறைந்தது. பேருக்கு முன்னால் அவருடைய முதலெழுத்தும் இருந்தது.

போன் மூன்றாவது தடவை அதிர்ந்தது. "பாத்துட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு ஒயர்மேன் ஃபியூஸைப் பெட்டியில் செருகக் கையைத் தூக்கினார்.

கிளைமாக்ஸ் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண் திரையை விட்டு நகரவில்லை. அங்கே தச்சர்களும், வண்டி ஓட்டியவர்களும், சோறு பொங்கியவர்களும் ஒவ்வொரு பேராக மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

"இரு தம்பி" என்றார். "மத்தவங்க பேரும் போய் முடியட்டும்."