அனல்வேந்தனுக்கு வந்த மணியார்டர்

ஆலத்தியூர் புவனேஸ்வரிக்கு இரண்டு வகை ஆட்களைக் கண்டால் ஆகாது. ஒன்று கஞ்சர்கள், இன்னொன்று கவிஞர்கள். ஒரு கஞ்சருக்கு மகளாகப் பிறந்து ஒரு கவிஞனுக்கு வாக்கப்பட்டவளுக்கு வேறு யாரைப் பிடிக்காமல் போகும்?

அவள் அப்பா ராசாங்கம், சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்குச் சொந்தக்காரர். கொசு கடித்தால்கூட அதைத் துரத்திப் பிடித்து, அது குடித்த ரத்தத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் விடுவார் என்று ஊரில் பேச்சு. நம்பாதவர்கள் அவர் வீட்டில் ஒரு நாள் காபி குடித்துப் பார்க்கலாம், கிடைத்தால்.

புருஷன் மணிவேல் குரும்பலூர்க்காரன். தமிழ் இலக்கியம் படித்து, அதிலும் அரியர்ஸ் வைத்திருந்தவன். புனைபெயர் அனல்வேந்தன். மார்கழி மாதம் காதில் மப்ளர் சுற்றாமல் வாசற்படி தாண்டாதவனுக்கு அப்படி ஒரு பெயர்.

இவர்களுடைய தலைதீபாவளியை ஆலத்தியூர் இன்னும் மறக்கவில்லை. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் பையும் கையுமாக வந்து இறங்கினால், வீடு பூட்டிக் கிடந்தது. மோதிரம் போட வேண்டியிருக்கும் என்று ராசாங்கம் சமயபுரத்துக்கு பஸ் ஏறியிருந்தார். அம்மனிடம் அவசர வேண்டுதலாம். அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது புவனேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. பக்கத்தில் அனல்வேந்தன், ‘பூட்டிய கதவே, பூவையின் கனவே’ என்று ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

எந்த வேலையிலும் நிலைக்காமல் மணிவேல் கடைசியில் மாமனாரின் லாரி ஷெட்டை ஒட்டிய அறைக்கே குடிவந்தான். லோடு கணக்கு எழுதச் சொன்னால் கணக்குப் பேப்பரின் பின்பக்கம் காவியம் எழுதினான். பெரம்பலூர் அனல்வேந்தன் என்று கையெழுத்துப் போட்டு வந்தவன், அரியலூர் தனி மாவட்டமானதும் அரியலூர் அனல்வேந்தன் ஆனான். அடுத்த வருஷம் மாவட்டத்தை மறுபடி சேர்த்துவிட்டார்கள். தன் புகழை இரண்டாக்கிக் குழப்பவே அரசாங்கம் இப்படிச் செய்வதாக வாரக்கணக்கில் சாப்பாட்டின் நடுவே புலம்பினான். சோற்றைத் தள்ளி வைக்கவில்லை.

அவன் கவிதை அனுப்பாத பத்திரிகை கிடையாது. போன வேகத்தில் எல்லாம் திரும்பி வந்தன. ஒரு வார இதழ், ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டை வைத்துத் திருப்பியிருந்தது. மணிவேல் அதை டீக்கடையில் நாலு பேரிடம் காட்டினான். “ஆசிரியரே வருத்தப்பட்டு எழுதியிருக்காரு பாருங்க. பாவம், அவருக்கு என்ன நெருக்கடியோ.” டீக்கடைக்காரரும் சேர்ந்து வருத்தப்பட்டார்.

அவனை மதித்துக் கூப்பிட்ட ஒரே ஆள் பெரம்பலூரில் இலக்கிய மன்றம் நடத்திய தமிழ்மாறன். அவருடைய பத்திரிகையில் கவிதை வர வேண்டுமானால் கவிஞர் சந்தா கட்ட வேண்டும். பட்டம் வேண்டுமானால் நன்கொடை தனி. மணிவேல் ‘கவிச்சுடர்’ வாங்கிய விழாவுக்குப் புவனேஸ்வரியும் போயிருந்தாள். மேடையில் போர்த்திய பொன்னாடையைப் படம் எடுத்த கையோடு உருவி, அடுத்த கவிஞருக்குப் போர்த்தினார் தமிழ்மாறன். மாவட்டத்துக் கவிஞர்கள் அத்தனை பேருடைய வியர்வையும் குடித்து, அந்தச் சால்வை மடிக்காமலே விறைப்பாக நின்றது. ஒரு பத்திரிகை எழுதியவனுக்குப் பணம் கொடுக்காமல் அவனிடமே வாங்குகிறது என்றால், அது பத்திரிகை இல்லை, தன் அப்பாவுக்குப் பெரியப்பா என்று அவளுக்குத் தோன்றியது.

“சன்மானம் கேக்கக் கூடாதாங்க?” என்றாள் பஸ்ஸில்.

“தன்மானம் இருக்கிறவன் சன்மானம் கேக்க மாட்டான்” என்றான் கவிச்சுடர். டிக்கெட் அவள்தான் எடுத்திருந்தாள்.

அந்த வாரமே ராசாங்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “மாப்ள, பொங்கலுக்குள்ள உங்க எழுத்துக்குத் தபால்ல ஒரு பைசாவாச்சும் வந்துச்சுன்னா, ஆயுசு பூரா இந்த ரூம்புல உக்காந்து எழுதுங்க. வரலைன்னா, பேனாவை வச்சிட்டு லாரியில க்ளீனரா ஏறுங்க.”

மணிவேலுக்கு வேர்த்தது. அனலுக்கு வேர்ப்பதை அன்றுதான் புவனேஸ்வரி பார்த்தாள். அவனைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. ஆனால் ஒரே வாசலில் முதலாளி மகளாகவும் க்ளீனர் பெண்டாட்டியாகவும் நிற்பதை நினைத்தால் உடம்பு கூசியது.

அரியலூர் பழைய பேப்பர் கடையில் வார மாத இதழ்களை எடைக்கு வாங்கிவந்து போட்டாள். கதையைத் தள்ளினாள், கவிதையைத் தொடவேயில்லை. பக்கங்களின் அடியில் எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில் இருந்ததை மட்டும் படித்தாள். ‘பிரசுரமாகும் ஒவ்வொரு துணுக்குக்கும் சன்மானம் உண்டு.’ எவன் காசு கொடுப்பான், எவன் குக்கர் கொடுப்பான், எவன் வெறும் நன்றி சொல்லி வழியனுப்புவான் என்பது அவளுக்கு அத்துப்படியானது. ஒரு வார இதழுக்கு டாக்டர் ஜோக்கென்றால் உயிர். இன்னொன்றுக்கு மாமனார் ஜோக். பெண்கள் இதழுக்கு எதையாவது வடையாகத் தட்டினால் போதும். வாசகர்கள் மேல் அவளுக்கு இருந்த கொஞ்சம் மரியாதையும் அந்தப் பொடி எழுத்தோடு தேய்ந்து மறைந்தது.

மணிவேலின் கையெழுத்து அவனுக்கே விளங்காது என்பதால் அவன் காவியத்தை எப்போதும் அவள்தான் நகலெடுப்பாள். அந்த முறை காவியத்தோடு, அதே உறைக்குள், ஒரு அஞ்சலட்டையையும் செருகினாள். அதில் இருந்தது அவள் எழுதிய ஜோக். அப்பாவுக்குப் பயந்து, கீழே அனல்வேந்தன் என்றே போட்டுவிட்டாள்.

போகிக்கு முதல் நாள் மணியார்டர் வந்தது.

தபாலாபீஸ் நடத்தும் ஜெயலட்சுமி ஆளனுப்பினாள். காவியம் அச்சேறிவிட்டது என்று மணிவேல் மப்ளரை உதறித் தோளில் பொன்னாடையாகப் போட்டுக்கொண்டு புறப்பட்டான். ஆனால் பணம் அனல்வேந்தன் பெயருக்கு வந்திருந்தது. அப்படி ஒருவர் ஆலத்தியூரில் இருப்பதாக அரசாங்கத்துக்குத் தெரியாது. ஊரறிந்த ஒருவர் இவர்தான் அவர் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் தரமுடியும் என்றாள் ஜெயலட்சுமி. ஊரறிந்தவர் என்றால் ராசாங்கம்தான். அவர் வந்தார், புவனேஸ்வரியும் பின்னாலேயே வந்தாள்.

ராசாங்கம் பேனாவைத் திறக்குமுன், எதற்காக வந்த பணம் என்று கேட்டார். எதையும் விசாரிக்காமல் அவர் கையெழுத்துப் போட்டது மகளின் லக்னப் பத்திரிகையில்கூட இல்லை. ஜெயலட்சுமி மணியார்டர் துண்டைப் படித்தாள். “மாமனார் ஜோக்குக்குச் சன்மானம்னு போட்டிருக்குண்ணே.”

ராசாங்கம் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பார்வை மெதுவாக, லாரி பின்னுக்கு வருவதுபோல வந்தது.

“மாமா, சத்தியமா நான் எழுதல” என்றான் மணிவேல். “நான் கவிஞன். துணுக்கெல்லாம் எழுத மாட்டேன். அனல்வேந்தன்னு வேற எவனோ இருக்கான்போல.”

ஒரு நிமிஷத்தில் தன் பெயரைத் தானே கைகழுவினான். அதுவரை அவன்மேல் புவனேஸ்வரிக்கு இருந்தது எரிச்சல்தான். அதற்குமேல் ஒன்று உண்டென்று அப்போது தெரிந்தது.

ஜெயலட்சுமி, ‘அப்படி யாரும் இல்லை’ என்று எழுதித் திருப்பிவிடட்டுமா என்று கேட்டாள்.

“திருப்பாதீங்கக்கா. அனல்வேந்தன் நான்தான்” என்றாள் புவனேஸ்வரி. “நான்தான் எழுதினேன்.”

“என்னன்னு எழுதின?” என்றார் ராசாங்கம்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். “உங்க மாமனார் தலைதீபாவளிக்கு உங்களுக்கு என்ன போட்டார்? பூட்டுப் போட்டார்.”

ராசாங்கம் மகள் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணா எழுதின?” என்றார். “ரெண்டு பூட்டுல்ல போட்டேன். பின்கதவுக்கு யாரு போட்டதாம்? எழுதறதைச் சரியா எழுத வேணாமா புள்ள?”

சொல்லிவிட்டு, இந்த அனல்வேந்தன் என் மகள் புவனேஸ்வரிதான் என்று எழுதி, ராசாங்கம் என்று கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, விஷயம் தன்னுடையது என்பதால் சன்மானத்தில் தனக்கும் பங்குண்டு என்று நினைவூட்டினார். அவள் கொடுக்கவில்லை. அப்பா பிள்ளைதானே.

பொங்கல் கழிந்ததும் மணிவேல் க்ளீனராக லாரி ஏறினான். எழுத்துக்குப் பணம் வந்ததே என்று ஒருமுறை முனகினான். எழுதியது நீங்கள் இல்லை என்று நீங்களே சத்தியம் செய்தீர்களே மாப்ள என்றார் ராசாங்கம். அறை புவனேஸ்வரிக்கு வந்தது. அதன்பிறகு அவள் தன் பெயரிலேயே எழுதினாள். வாலிகண்டபுரம் கோயில் விசேஷத்தை ஆன்மிக இதழுக்கும், யாரும் வாயில் வைக்கமுடியாத முருங்கைக்கீரை அல்வாவைப் பெண்கள் இதழுக்கும் அனுப்பினாள். இரண்டுக்கும் சன்மானம் வந்தது. அல்வாவைச் செய்து பார்த்ததாகப் பாராட்டி எழுதிய வாசகிகளை அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. ராசாங்கம் மட்டும் வாரம் ஒருமுறை வந்து நின்று, “புவனா, இன்னிக்கு நான் ஒண்ணு பண்ணினேன், எழுதிக்கிறியா?” என்பார்.

2007-இல் மாவட்டத்தை மறுபடியும் பிரித்தபோது மணிவேலும் ஒருவழியாகப் பிரசுரமானான். புது லாரியின் பின்பக்கத்துக்கு நாற்பது வரிக் காவியம் எழுதிக் கொடுத்தான். பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்பவர் என்பதால், ராசாங்கம் அதிலிருந்து இரண்டு சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்தார். ‘எட்டி நில்.’

சன்மானம் என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“தினம் நம்ம லாரியில ஓசியிலதான போயிட்டு வரீங்க மாப்ள” என்றார் ராசாங்கம்.

அந்த வாரம் புவனேஸ்வரி அனுப்பிய ஜோக் அதுதான். மணியார்டர் வந்தது.