செண்பகவல்லியின் இரண்டாவது அறிக்கை

புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் காத்திருந்தபோது செண்பகவல்லி மேடத்தின் மகள் கவிதா அழைத்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். “அங்கிள், அம்மா காலையில போயிட்டா” என்றவள், ஒரு கணம் நிறுத்தி, “போயிட்டாங்க” என்று திருத்திக்கொண்டாள். கண்ணாடியை வாங்காமலே கோர்படியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

செண்பகவல்லி மேடத்தை அறிந்தவர்களிலும் பலருக்கு அவருடைய வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. இராணுவப் பணிமனையில் அவர் வாகனப் பரிசோதகர், நான் எந்திர வரைபடம் வரைபவன். இருபத்தாறு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசை. ஒன்றுபோலவே தோன்றும் பத்து பழைய லாரிகளில் எது பெட்ரோல் எஞ்சினோடு பிறந்தது, எது பின்னால் டீசலுக்கு மாறியது என்று பிரித்துச் சொல்வார். வண்டியின் மாதிரிப் பெயரில் (மாடல்) கடைசி எழுத்தே எஞ்சின் வகையைச் சொல்லிவிடும். ஆனால் அந்த எழுத்து இருக்கும் தகட்டை மட்டும் அவர் நம்பமாட்டார். “தகடு நாலு திருகுலதான நிக்கி. யாரும் மாத்திரலாம்லா. இரும்புல அடிச்ச நம்பரப் பாருங்க, சார்” என்பார். கோவில்பட்டிப் பேச்சு கடைசிவரை மாறவில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் பழைய வண்டி சேகரிப்பவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அப்படித்தான் முன்னாள் படைவீரர் குழு ஒன்றும் வந்தது. லோஹேகாவில் இருந்த சுலோசனாபாயின் கணவர் எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் லாரி ஓட்டியவர். இறப்பதற்கு முன், ஊருக்கு வெளியே ஒரு காயலான் கடையில் கிடந்த லாரியைக் காட்டி, அது தன் வண்டி என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அவருடைய நோட்டில் எஞ்சின் எண்ணும், அடிச்சட்டமான சேஸிஸில் அடித்த எண்ணும் இருந்தன. உண்மை என்றால் குழு அதை வாங்கி நினைவிடத்தில் நிறுத்தும்.

செண்பகவல்லி போய்ப் பார்த்தார். போரில் ஓடியது பெட்ரோல் வண்டி. அங்கே இருந்ததோ டீசல் எஞ்சின். தகட்டின் கடைசி எழுத்தும் டீசலையே சொன்னது. இரண்டும் ஒத்துப்போனதால், சேற்றில் புதைந்திருந்த சேஸிஸை அவர் தோண்டிப் பார்க்கவில்லை. அது அந்த வண்டி அல்ல என்று எழுதிக் கொடுத்தார்.

ஏழு மாதம் கழித்து வேறொரு லாரியைச் சோதிக்கும்போது, டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் பழைய பெட்ரோல் எஞ்சினைத் தாங்கிய பிடிகள் சும்மா நிற்பதைக் கண்டார். எஞ்சினை மாற்றியவர்கள் அதற்கேற்ற புதுத் தகட்டையும் அடித்திருந்தார்கள். அன்றே எனக்குப் போன் செய்தார். “சார், நான் தப்புப் பண்ணிட்டேன்னு நினைக்கேன். கூட வாரீங்களா?”

காயலான் கடைக்குப் போனபோது அந்த லாரியின் ஓட்டுநர் அறையை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். சேஸிஸும் எஞ்சினும் மிச்சம். சேற்றை நான் அள்ளினேன். கம்பித் தூரிகையால் அவர் துருவைத் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நோட்டில் இருந்த அதே எண்.

குழுச் செயலாளர் வேலூர்க்காரர், நல்ல மனிதர். புதிதாகக் கிடைத்த தகவல் என்று சொல்லி முடித்துவிடலாமே என்றார். “இல்லன்னு சொன்னது நான். ஆமான்னும் நான்தான் போய்ச் சொல்லணும்” என்று என்னையும் அழைத்துக்கொண்டு லோஹேகாவுக்குக் கிளம்பிவிட்டார் செண்பகவல்லி.

சுலோசனாபாயின் முன் உட்கார்ந்து, தவறு தன்னுடையது என்று இந்தியில் சொன்னார். அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: முதல் அறிக்கை வந்த நாளிலிருந்து, கடைசிக் காலத்தில் கணவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றே நானும் பிள்ளைகளும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று. செண்பகவல்லி அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இன்று அந்தச் சேஸிஸ் ஓட்டுநர் அறை இல்லாமலே நினைவிடத்தில் நிற்கிறது. பிறந்தபோது இருந்த மாதிரிப் பெயரும் இப்போதிருக்கும் எஞ்சினும் பலகையில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. வாசகம் அவருடையது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த இரண்டாவது அறிக்கையின் நகல் ஒன்று. முதல் வரி, “என் முந்தைய அறிக்கை தவறு.” அடுத்த வரி, சேஸிஸ் எண். சாக்காகச் சொல்லியிருக்கக்கூடிய சேற்றைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.