வெறுங்காலுக்குச் செய்த கால்

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை நான் பரீட்சையில் தோற்றேன். அன்று பின்னேரம் சபைக்கு வந்து பின்வரிசையில், கடைசி வாங்கில் இருந்தேன். பாடவில்லை. கை தட்டவில்லை. கடைசி ஜெபத்துக்கு முன்பே எழும்பிப் போனேன். பலர் பார்த்தீர்கள். ஏன் போனேன் என்பதை இன்றைக்குச் சொல்கிறேன். ஆண்டவர் செய்ததை வாய்க்குள் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை.

என் பெயர் ஸ்டெல்லா. வயது முப்பத்தாறு. துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் வீடு. பத்து வயதில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பள்ளிக்கூடமும் அதோடு போனது.

செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். முதலில் தரை கூட்டினேன். பிறகு அச்சுக்குச் சாந்து குழைத்தேன். பிறகு கால் செய்தேன். பதினொரு வருடம். நான் போட்டிருக்கும் காலும் நான் செய்ததுதான்.

முழங்காலுக்குக் கீழே போனவர்களுக்கு என்னால் செய்ய முடியும். தொடையோடு போனவர்களுக்குச் செய்ய எனக்குத் தெரியாது. அப்படி வருகிறவர்களைக் கொழும்புக்கு அனுப்புகிறோம். பலர் போவதில்லை. ஊன்றுதடியோடு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அவர்கள் திரும்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது.

கம்போடியாவில் இதைப் படிப்பிக்கும் கல்லூரி ஒன்று இருக்கிறது. கை வேலை தெரிந்தவர்களுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். பெரிய படிப்புக் கேட்கவில்லை. அங்கிருந்து பரீட்சகர் ஒருவர் நம் பட்டறைக்கு வருவார். அவருக்கு முன்னால் ஒரு ஆளுக்குக் கால் செய்து நடக்கவைக்க வேண்டும். நான் பெயர் கொடுத்தேன்.

சின்னம்மா கேட்டா, "ஒத்தக் காலோட கப்பல் ஏறப் போறியோடி?"

"கப்பல் இல்ல சின்னம்மா. பிளேன்."

"அங்க ஆர் உன்னத் தூக்கி இறக்கிறது?"

"இங்க ஆர் தூக்கினது?" என்றேன். அவ ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அந்த மாதத்தில்தான் வெளியூர்ப் போதகர் ஒருவர் இங்கே சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். என்னை முன்னால் கூப்பிட்டார். விசுவாசம் இருந்தால் இந்தக் கால் முளைக்கும் என்றார். எல்லாரும் கை உயர்த்தி நின்றீர்கள். நான் சொன்னேன், "ஐயா, என்ட காலுக்கு ஜெபிக்க வேண்டாம். அதுக்கு நான் ஏற்கனவே ஒண்டு செய்து போட்டன். வாற புதன்கிழமை பரீட்சை. அதுக்கு ஜெபியுங்கோ."

சிலர் சிரித்தீர்கள். சிலருக்குக் கோபம் வந்தது. அவிசுவாசி என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும்.

பரீட்சையில் கால் போட்டு நடக்க வந்த ஆள் ரசூல் காக்கா, முஸ்லிம் அண்ணர் ஒருவர். குறிஞ்சாக்கேணியில் தோணி வைத்திருக்கிறார். சீனி வருத்தத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அவருக்கு முன்பே வேறிடத்தில் செய்த கால் ஒன்று இருந்தது. அதைப் போட்டால் பின்பக்கம் சாய்கிறது என்று மூலையில் வைத்திருந்தார். நான் மூன்று நாள் பாடுபட்டேன். நாலாம் நாள் புதன்கிழமை. அவர் போட்டு எழும்பினார். வெறுங்காலோடு பட்டறைக்குள் ஒரு சுற்று நடந்தார்.

"சோக்கா இரிக்கி தங்கச்சி," என்றார்.

அப்போது பரீட்சகர் பைக்குள் இருந்து ஒரு சோடிச் சப்பாத்து எடுத்தார். பரீட்சைக்கென்று கொண்டுவந்தது. குதி உயர்ந்த சப்பாத்து. அதைப் போட்டு நடக்கச் சொன்னார். காக்கா இரண்டடி வைத்தார். முழங்கால் முன்னால் மடிந்தது. நான் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார்.

"மலையில இருந்து இறக்கி உடுற மாதிரி இரிக்கே!" என்றார்.

பரீட்சகர் தாளில் எழுதினார். மொழிபெயர்க்க வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "சரிவரேல்ல அக்கா."

காலைக் கழற்றித் தரும்படி காக்காவிடம் கேட்டார்கள். அவர் சாரத்தை இழுத்து மூடினார். "என்ட கால நான் ஏன் தாற?" அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம்தான் நான் கடைசி வாங்கில் இருந்தேன்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. குசினிக்குள் நின்றபடியே ஜெபித்தேன். அழவில்லை. எனக்குக் கோபம். "ஆண்டவரே, பிழை என்னுடையது என்றால் எனக்குக் காட்டும். இல்லையென்றால் நீர் எழும்பும். நான் இங்கே நின்றுகொண்டுதான் இருக்கிறேன்." வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மத்தியானம் பாக்கியம் அக்கா வந்தா. சந்தையில் மீன் வெட்டுகிறவ. நம் சபையின் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தை நடத்துகிறவ.

"பெயிலோ?"

"ஓம்."

"பிழை ஆர்ட?"

"தெரியாது."

"அப்ப பாஸ் கேக்கக் கூடாது. ஞாயம் கேப்பம்," என்று சொல்லிவிட்டு எழும்பினா. தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பது பெண்கள் இந்த மண்டபத்தில் பட்டினி இருந்தீர்கள். அதே நேரம் நான் பட்டறையின் வான் வண்டியில் இருந்தேன். பரீட்சகர் கந்தளாயில் பழைய நோயாளி ஒருவரைப் பார்க்க வேண்டும். திருகாணி முடுக்க ஆள் வேண்டும். தோற்றவளையே கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

கந்தளாயில் வீடு பூட்டியிருந்தது. ஆள் மகளின் வீட்டுக்குப் போய்விட்டாராம். வந்த பயணம் வீண்போகக் கூடாது, கிட்டடியில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பரீட்சகர் கேட்டார். சாரதி பட்டியலைப் பார்த்துச் சொன்னது குறிஞ்சாக்கேணி. சத்தியமாக நான் சொல்லவில்லை.

ரசூல் காக்காவின் வாசலில் செருப்புகள் கிடந்தன. சாரதி தன்னுடையதைக் கழற்றினார். நானும் கழற்றினேன். பரீட்சகர் எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையோடு சீமெந்துத் தரையில் வந்து கதிரையில் இருந்தார்.

காக்கா பள்ளிவாசலுக்கு, ஜும்ஆத் தொழுகைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். குளித்து வெள்ளைச் சாரம் கட்டியிருந்தார். எங்களைக் கண்டதும் குசினிக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் தட்டு. தட்டில் நாலு கோப்பை தேத்தண்ணி, விளிம்பு முட்ட. வெறுங்காலோடு, ஈரத் தரையில், நேராக வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பரீட்சகர் கோப்பையை எடுக்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார், "ஐயா, வீட்டுக்குள்ள எப்பவும் இப்படித்தானோ?"

"வீடு, பள்ளி, தோணி, எல்லாம் வெறுங்கால்தான். சப்பாத்தோட தோணில ஏறினா என்ட மீனே சிரிக்கும்," என்றார் காக்கா. மூலையில் கிடந்த பழைய காலையும் எடுத்துப் போட்டுக் காட்டினார். சப்பாத்துக்கென்று செய்த கால். பின்னால் சாய்ந்து சுவரைப் பிடித்தார். "இது மலை ஏறுற கால். புதன்கிழம தந்த சப்பாத்து மலை இறங்குற சப்பாத்து. நான் இரிக்கிற இடத்துல மலையே இல்ல."

பரீட்சகர் என் பக்கம் திரும்பினார். அன்றைக்கே ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார்.

"ஒருத்தரும் கேக்கேல்ல," என்றேன்.

அவர் தாளை எடுத்து ஒரு கட்டத்தைக் காட்டினார். குதி உயரம் எழுத வேண்டிய கட்டம்; அந்த உயரத்துக்குத்தான் காலை முடுக்க வேண்டும். வெறுமையாக இருந்தது. அங்கேதான் என் பிழை. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாததால் விட்டேன். கேட்டிருக்கலாம். வெட்கத்தில் கேட்கவில்லை. நம் சனம் வெறுங்காலோடுதான் நடக்கும் என்பது எனக்கு எழுதவேண்டிய விசயமாகவே படவில்லை. பிழை என்னுடையது என்றால் காட்டும் என்று கேட்டேனே. காட்டினார்.

பரீட்சகர் வானுக்குள் இருந்து அந்தச் சப்பாத்தை எடுப்பித்தார். இப்போது இதற்குச் சரிசெய் என்றார். நான் தரையில் இருந்தேன். பையில் இருந்து திருகாணி முடுக்கும் சாவியை எடுத்தேன். கணுக்காலுக்கு மேலே நாலு திருகாணி. முன்னால் இளக்கி, பின்னால் முடுக்கினேன். காக்கா சப்பாத்துப் போட்டு வாசல்வரை போய் வந்தார். முழங்கால் மடியவில்லை. பரீட்சகர் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்தார். தாளில் இருந்ததை வெட்டிவிட்டு வேறு எழுதினார்.

"எழுதி முடிஞ்சா என்ட காலத் திருப்பித் தா தங்கச்சி. பள்ளில பாங்கு சொல்லப் போறான்," என்றார் காக்கா.

நான் பழையபடி வெறுங்காலுக்கு முடுக்கிக் கொடுத்தேன். அவர் நடந்து போனார். நான் அந்த வாசலில் இருந்து அழுதேன். அந்தக் கிழமையில் முதல் தரம்.

கந்தளாய் வீடு பூட்டியிருந்தது தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒன்பது பெண்கள் பட்டினி இருந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது. எனக்கு அது போதும்.

வருகிற மாதம் போகிறேன். இரண்டு வருடம். பாக்கியம் அக்கா பெட்டி தந்தா. உபவாசக் கூட்டத்துப் பெண்கள் ஆளுக்கொரு சட்டை தைத்துத் தந்தீர்கள். பின்னேரங்களில் எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் காட்டித் தருகிறவர்களே, உங்களுக்கும் நன்றி. இப்போது எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடுவதில்லை. தெரியாவிட்டால் கேட்கிறேன். சின்னம்மாவும் ஊறுகாய் போட்டுத் தந்திருக்கிறா. அங்கே தூக்கி இறக்க ஆள் இருக்கா என்று இன்னும் கேட்கிறா.

என்னைப் போல உடம்பில் குறையோடு இங்கே இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குறையை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் போக வேண்டாம். மற்றவர்கள் உங்களுக்காக எதைக் கேட்க வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். முழங்காலில் நிற்க ஏலாவிட்டால் எழும்பி நின்று கேளுங்கள். அவர் என்னைக் கோபிக்கவில்லை. உங்களையும் கோபிக்கமாட்டார்.

எனக்குக் கால் முளைக்கவில்லை. தொடையோடு கால் போனவர்கள் இனிக் கொழும்புக்குப் போகாமல் நடப்பார்கள். நான் கேட்டது அதைத்தான்.

அந்தக் கல்லூரியில் சப்பாத்துப் போட வேண்டுமாம். போடுவேன். சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். திரும்பி வரும் நாளில் சப்பாத்தை இந்தச் சபையின் வாசலில் கழற்றிவிட்டு, நாலு திருகாணியையும் பழையபடி முடுக்கிக்கொண்டு, உள்ளே வருவேன். அன்றைக்கு முதல் வாங்கில் எனக்கு இடம் விடுங்கள்.